அக்காவின் நீண்ட ஜெபம்

பரிசு கொடுக்கும் நாளில் மேடையில் நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்று நம் குரூப்பில் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஒருத்தி, சர்க்கரை கூடியிருக்கும் என்று எழுதியிருந்தாள். இன்னொருத்தி, அறுபது தாண்டினால் புத்தி கொஞ்சம் அப்படித்தான் என்று எழுதிச் சிரிக்கிற முகம் ஒன்றையும் போட்டிருந்தாள். போடட்டும். ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு ஞாயிறு பள்ளி படித்தவர்கள் நாம், அந்த உரிமை உங்களுக்கு உண்டு. அந்தச் சின்னத் திரையில் இவ்வளவையும் குத்தி எழுத என் விரலுக்கு முடியாது. அதனால் தாளில் எழுதி, பக்கத்து வீட்டுப் பையனிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

என் அக்காவைத் தெரியும் என்று நீங்கள் எல்லோரும் நினைக்கிறீர்கள். பெண்பிள்ளை என்றால் அவளைப் போல இருக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே உங்கள் அம்மாமார் உங்களை வளர்த்தார்கள். நீங்கள் உங்கள் மகள்களுக்குச் சொன்னீர்கள். அவள் பெயரில் வருடா வருடம் அடக்கமுள்ள பெண் என்று ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துக் கோப்பை கொடுக்கிறோம். இத்தனை வருஷமும் நான் வாயை மூடிக்கொண்டு கைதட்டினேன். அதற்காக என்னை நானே மன்னிக்கவில்லை.

எங்கள் வீடு சாலை என்று பெயருள்ள கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள சந்தில் இருந்தது. அப்பா மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து மலையாள நாட்டுக்குப் பிழைக்க வந்தவர், சாலையில் ஓர் இரும்புக்கடையில் வேலை. அவர் சட்டையில் எப்போதும் துருவும் மண்ணெண்ணெயும் மணக்கும். எனக்கு ஆறு வயதில் அம்மா இறந்தாள். அக்கா படிப்பை நிறுத்திவிட்டு அடுப்படிக்குள் போனாள். நான் சொல்லப்போகும் வருஷம் எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு இருபத்தொன்று.

ஞாயிறு பள்ளி டீச்சராக அவள் கண்டிப்பு உங்களுக்கு ஒரு மணி நேரம். எனக்கு நாள் முழுக்க. காலையில் ஒரு வசனம் மனப்பாடமாகச் சொன்னால்தான் காப்பி. ஒரு சொல் தப்பினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், காப்பி பாட்டுக்கு ஆறிக்கொண்டிருக்கும். படியில் குதிக்கக் கூடாது. பல் தெரியச் சிரிக்கக் கூடாது. "பொம்பளப் பிள்ள சிரிச்சா அடுத்த வீட்டுக்குக் கேக்கலாமாட்டி?" என்பாள். பொய் சொன்னால் உப்புச் சட்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பாள். துப்பவும் கூடாது, தண்ணீர் குடிக்கவும் கூடாது, கரையும்வரை நிற்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம் ஒன்று உண்டு. ஜெபிக்கிற ஆளைத் தொடக் கூடாது. ஒருநாள் அவள் ஜெபித்துக்கொண்டிருக்கும்போது அடுப்பில் பால் பொங்கியது. நான் ஓடிப்போய் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். ஆமென் சொல்லி எழுந்து, நிலைக்கு மேலே செருகியிருந்த ஈர்க்குச்சியை எடுத்து என் கெண்டைக்காலில் மூன்று அடி வைத்தாள்.

"ஆண்டவருட்ட பேசிட்டு இருக்கிற ஆளப் பிடிச்சு இழுக்கியா? பால் போனா போட்டும்."

பால் போய்த்தான் விட்டது. அன்று இரண்டு பேருக்கும் கட்டன் காப்பிதான்.

ஆனாலும் நான் அவளை நேசித்தேன். துணிக்குப் போடும் நீலத்தின் மணமும் கஞ்சியின் மொரமொரப்பும் சேர்ந்த அவள் ஞாயிற்றுக்கிழமைச் சேலையில் முகத்தை வைத்தால் எனக்கு அம்மா இல்லாதது மறந்துபோகும். அவள் டிரங்குப் பெட்டியின் அடியில் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் சோப்புப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் கொண்டை ஊசி போட்டு வைத்திருந்தாள். அது என்ன என்று ஒருநாள் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்ததற்குக் கொடுத்தது என்றாள். நான் நம்பவில்லை. அவள் ஓடுவாள் என்பதே எனக்குச் சிரிப்பாக இருந்தது. பதின்மூன்றாவது வயதில் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து முழங்காலும் கணுக்காலும் வீங்கி மூன்று வாரம் படுத்திருந்தாளாம். அதற்குப் பிறகு ஓட முடியவில்லையாம். அம்மாவுக்கு அதில் சந்தோஷம்தான், இப்போதாவது பெண் அடங்கினாளே என்று. இதைச் சொல்லிவிட்டு அக்கா பெட்டியை மூடினாள்.

அந்த வருஷத்து லெந்து காலத்தை நினைத்துப் பாருங்கள். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாளும் உபவாசம், தினமும் சாயங்காலம் வேதக்கோயிலில் ஆராதனை. சாலையிலிருந்து பழவங்காடி வழியாக, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற சத்தத்தையும் பூக்கடையையும் தாண்டி, ஏற்றத்தில் ஏறிப் போவோம். அந்த ஏற்றத்தில் இருபதடிக்கு ஒருமுறை அக்கா நிற்பாள். என்னைத் திருப்பி, என் ரிப்பனை அவிழ்த்து, மறுபடி கட்டுவாள்.

"நேரா நில்லுட்டி. பின்னலப் பாரு, கோழி கிளறின மாதிரி."

ரிப்பன் நன்றாகத்தான் இருக்கும். அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியதில் எனக்கு மண்டைத் தோல் வலிக்கும். எத்தனை கண்டிப்பு இவளுக்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். கோயில் படிகளில் வேறு மாதிரி. அங்கே நின்று நின்று, வயதானவர்களிடமெல்லாம் கால்வலி எப்படி, மருமகள் எப்படி என்று விசாரிப்பாள். எவ்வளவு பாசம் என்று அவர்கள் உருகிப் போவார்கள். தரைக்கு நோகாமல் நடக்கிறாள் என்று உங்கள் அம்மாமார் சொன்னது அந்த நடையைத்தான்.

அவள் கன்னம் இரண்டும் அந்த வருஷம் சிவந்து கிடந்தன. போதகரை நம் சபையில் ஐயர் என்போம் அல்லவா, அவருடைய மனைவி ஐயரம்மா அவள் முகத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, "பாத்தியளா, உபவாசம் இருக்கிற பிள்ளைக்கு மூஞ்சில வர்ற வெளிச்சம்!" என்றாள். பாடகர் குழுவில் முன்னால் நின்று பாடிக்கொண்டிருந்தவள் குரல் கம்மி, பாடுவதை விட்டாள். பாட்டையே காணிக்கையாக வைத்துவிட்டாள் என்றார்கள். அவள் இல்லை என்று சொல்லவில்லை. காலையில் நான் கண் விழிக்கும்போது, டிரங்குப் பெட்டியின் மேல் தலையணையும் அதன் மேல் வேதப்புத்தகமும் வைத்து, அதில் நெற்றியை ஊன்றி, உட்கார்ந்தபடியே உறங்கிக்கொண்டிருப்பாள். விடிய விடிய ஜெபம் என்று அப்பா கடையில் போய்ப் பெருமை அடித்தார்.

இப்போது அந்த நீண்ட ஜெபத்துக்கு வருகிறேன்.

லெந்தின் முதல் வாரம். முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு எல்லோரும் எழுந்து உட்கார்ந்தார்கள். அக்கா எழவில்லை. தனக்கென்று மடித்துக் கொண்டுவரும் சின்னத் தாழம்பாயில், முன் பெஞ்சின் முதுகில் தலையைச் சாய்த்து அப்படியே இருந்தாள். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். அவள் கை மெல்ல வந்து என் கைமேல் உட்கார்ந்து இரண்டு முறை அழுத்தியது. எனக்குப் புரியவில்லை. மறுபடி இரண்டு முறை. பிறகு என் தோளில் முழுப் பாரத்தையும் போட்டு எழுந்தாள். பின்னாலிருந்து பார்த்தவர்களுக்குத் தங்கையின் தோளில் பிரியமாகக் கை வைத்து எழுந்த மாதிரி இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் என்னை அடுப்படிக்குள் கூப்பிட்டாள்.

"மூச்சு கிடைக்கல்ல மக்ளே. முழங்கால் போட்டா பொறவு எழும்ப பெலம் இல்ல. கொஞ்ச நேரம் அப்பிடியே இருந்தா சரியாவும். நான் கைய அமுக்கினா நீ தோளக் குடு. ஆருட்டயும் சொல்லாண்டாம்."

"அப்பம் நீ ஜெபிக்கல்லியா?"

அவள் பொய் சொல்ல மாட்டாள்.

"மூச்சு வரணும்னு ஜெபிச்சேன்."

அடுத்த ஞாயிறு ஐயர் பிரசங்கத்தில், எல்லோரும் எழுந்த பிறகும் எழாத ஒரு மகளைப் பற்றிப் பேசினார். பெயர் சொல்லவில்லை, ஆனால் சபை மொத்தமும் திரும்பி எங்களைப் பார்த்தது. அதற்குப் பிறகு நீங்களும் ஆரம்பித்தீர்கள், மறக்க வேண்டாம். யார் அதிக நேரம் முழங்காலில் நிற்பது என்று போட்டி. உங்களில் ஒருத்தி அப்படியே உறங்கிப்போய் எச்சில் வடித்ததை நான் பார்த்தேன். வரவர அக்காவின் ஜெபம் நீண்டுகொண்டே போனது. பங்குனி வெயிலிலும் என் கைமேல் இருக்கும் அவள் கை சில்லென்று இருக்கும்.

எங்கள் அடுத்த வீட்டில் ஒரு மலையாளத்து நர்ஸ் இருந்தாள். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வெள்ளை உடுப்போடு சந்துக்குள் வரும்போது, பொதுக்குழாயிலிருந்து அக்கா குடத்தோடு நின்று நின்று வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு சாயங்காலம் நேராக வீட்டுக்குள் வந்துவிட்டாள்.

"சாரே, இந்தக் கொச்சுப் பிள்ளைய ஒண்ணு டாக்டர்ட்ட காணிக்கணும். எனிக்கு ஹார்ட்டு சம்சயம் உண்டு."

அப்பா சிரித்தார். "அவளுக்கு ஒரு சூக்கேடும் இல்ல சிஸ்டர். உபவாசம். சபையே அவளப் பாத்துப் படிக்கி."

"உபவாசம் எல்லாரும்தான் இருக்குது. எல்லாருக்கும் இப்படி மூச்சு முட்டுதா?"

அப்பா குரலைத் தாழ்த்தினார். "பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காவ. ஈஸ்டர் கழிஞ்சு நிச்சயம். இப்பம் ஆஸ்பத்திரி வாசல்ல இவள ஆராவது கண்டா என்ன ஆவும்?"

நர்ஸ் விடவில்லை. அப்போது அப்பா என்னைக் கூப்பிட்டார். "இவகிட்ட கேளுங்க. இவ பொய் சொல்ல மாட்டா. அக்கா வளத்த பிள்ள."

நர்ஸ் என் உயரத்துக்குக் குனிந்தாள். அவளிடம் டெட்டால் மணம் அடித்தது.

"மோளே, சேச்சி கிடந்துதான் உறங்குமோ? இல்ல, உக்காந்துட்டா?"

நான் அடுப்படி வாசலைப் பார்த்தேன். அக்கா அகப்பையோடு நின்றாள். அந்த வரனைப் பற்றி அவள் எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தாள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், நல்ல மனிதர், தாயில்லாப் பிள்ளையை விட்டுவிட்டு எப்படி வருவாள், சின்னதும் கூடவே வரட்டும் என்று சொல்லிவிட்டார்களாம். நிச்சயம் முடியும்வரை வாயைத் திறக்காதே, இல்லாவிட்டால் உன்னை நாகர்கோவிலில் போர்டிங்கில் கொண்டுபோய் விடுவார்கள் என்றும் சொல்லியிருந்தாள். எனக்கு அக்காவை விட்டுப் போக முடியாது. அது மட்டும்தான் அப்போது எனக்குத் தெரிந்தது.

"கிடந்துதான்," என்றேன்.

நர்ஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்போ சரி," என்று எழுந்து போனாள்.

அப்பா வெளியே போனதும் நான் அடுப்படிக்குள் போய் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். பொய்க்கு உப்பு உண்டு அல்லவா. அக்கா உப்புச் சட்டியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்தாள். என் நாக்கில் வைக்கவில்லை. தன் நாக்கில் வைத்து வாயை மூடிக்கொண்டு, அது கரையும்வரை சுவரைப் பார்த்து நின்றாள்.

ஆண்டவர் சிலுவையில் மரித்த பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை ஆராதனை. அன்று கோயிலில் மின்விசிறி ஓடவில்லை, கைக்குட்டையால் விசிறக்கூட எல்லோருக்கும் கூச்சம். அக்கா முந்தின நாள் ராத்திரியிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கோயில் படியில்கூட நான்கு இடத்தில் நின்று ரிப்பன் கட்டினாள். நான்காவது முறை அவள் விரல்கள் முடிச்சைப் போட முடியாமல் நழுவின. நானே கட்டிக்கொண்டேன்.

கடைசியில் மௌன ஜெபம். எல்லோரும் முழங்காலில் நின்றோம். அக்கா தன் பாயை விரித்து, முன் பெஞ்சில் தலையைச் சாய்த்து, வழக்கம்போல என் கைமேல் கையை வைத்தாள். மணி அடித்தது. பெரிய வெள்ளியன்று நம் வழக்கம் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஆராதனை முடிந்தால் யாரும் யாரோடும் பேசக் கூடாது. வாயைத் திறக்காமல், ஒருவரை ஒருவர் கூப்பிடாமல், வீடு போய்ச் சேர வேண்டும்.

அப்படித்தான் எல்லோரும் போனார்கள். பெஞ்சு பெஞ்சாக எழுந்து, எங்களைத் தாண்டி, செருப்புச் சத்தம் கேட்காமல் போனார்கள். ஐயரம்மா தன் மகளுக்கு அக்காவை விரலால் சுட்டிக் காட்டிவிட்டுப் போனாள். நீங்களும் போனீர்கள். உங்களில் ஒருத்தி என்னைப் பார்த்து நாக்கை நீட்டினாள், யார் என்று சொல்ல மாட்டேன்.

நான் அந்த இரண்டு அழுத்தத்துக்காகக் காத்திருந்தேன். கை சில்லென்று இருந்தது, எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். கோயிலைப் பூட்டுகிறவர் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டு வந்தார். இடது பக்கம் முழுவதும் சாத்தியாயிற்று. எனக்குக் கால் மரத்துப் போயிற்று. கூப்பிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. ஜெபிக்கிற ஆளைத் தொடக் கூடாது. பெரிய வெள்ளியன்று பேசக் கூடாது. அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்த எதையும் அன்று நான் மீறவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல பிள்ளையாக நான் வேறு என்றும் இருந்ததில்லை.

பூட்டுகிறவர் போய் அப்பாவை அழைத்து வந்தார். அப்பா வாசலில் பூரித்துப்போய் நின்றிருந்தார். உள்ளே வந்து, மெதுவாக, "மக்ளே," என்றார். தோளைத் தொட்டார். அவள் என் பக்கமாகச் சரிந்தாள்.

டாக்சியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். போய்ச் சேர்ந்தபோது பார்க்க ஒன்றும் இல்லை. டாக்டர் இளவயதுக்காரர். கருவியை நெஞ்சிலிருந்து எடுத்துவிட்டு, "எத்ர காலமாயி ஹார்ட்டிலெ அசுகம்?" என்று கேட்டார்.

"என் பிள்ளைக்கு ஒரு சூக்கேடும் இல்ல டாக்டர்," என்றார் அப்பா. "அவ ஜெபிச்சிட்டு இருந்தா."

சாகும்வரை அப்பா அதையே சொன்னார். சபையும் அதையே சொன்னது. முழங்காலில் இருந்தபடியே கர்த்தரிடம் போனாள் என்று அடக்க ஆராதனையில் ஐயர் சொன்னபோது ஆண்கள்கூட அழுதார்கள். மறுநாள் நர்ஸ் எங்கள் வாசலில் வந்து நின்றாள். "மோளே, அன்னு நீ சொன்னது..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டு, என் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டாள். அவள் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

வாத்தியார் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். என்னைப் போர்டிங்கில் விட்டார்கள். எதைத் தடுக்கப் பொய் சொன்னேனோ அதுதான் நடந்தது. டிரங்குப் பெட்டியைக் கோயிலில் நடந்த அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு அப்பா கொடுத்துவிட்டார், சோப்புப் பெட்டியும் அதோடு போயிற்று. அதற்குப் பிறகு நான் ரிப்பன் கட்டியதில்லை. வயதான பிறகு ஒரு டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். சின்ன வயதில் வந்த அந்தக் காய்ச்சல்தான், இருதயத்து வால்வைச் சுருக்கிவிட்டது என்றார். சிவந்த கன்னமும் கம்மிய குரலும் உட்கார்ந்து உறங்கியதும் அதனால்தான். அந்தக் காலத்திலேயே அதற்கு ஆபரேஷன் இருந்ததாம். நாம் எதையெல்லாம் பெண்மை என்று தலையில் தூக்கிவைத்து ஆடினோமோ அதெல்லாம் அவளுக்கு மூச்சு முட்டிய விதம். அதற்குத்தான் கோப்பை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஓடியதற்கு அவளுக்குக் கிடைத்த பரிசு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

இனி அன்றைய மேடை. இந்த வருஷம் கோப்பை கொடுக்கிற முறை எனக்கு. அந்தப் பிள்ளையின் பெயரை அழைத்தார்கள். பிளஸ் டூ படிக்கிறவள், அவளுக்கும் ஒரு தங்கை உண்டு. மேடைக்கு ஐந்தே படி. மூன்றாவது படியில் நின்றாள். துப்பட்டாவை எடுத்து, சரியாக இருந்ததையே மறுபடி சரி செய்தாள். பிறகு ஏறி வந்தாள். இரண்டு கன்னமும் சிவப்பு. என்ன அடக்கம் பார் என்று முன்வரிசையில் நீங்கள் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. நான் கோப்பையைக் கொடுக்கவில்லை. அவள் கையைப் பிடித்தேன்.

"மக்ளே, படி ஏறினா மூச்சு வாங்குதா?"

தலையைக் குனிந்துகொண்டாள். "ஒண்ணுமில்ல ஆன்ட்டி."

கை சில்லென்று இருந்தது. கையை விடாமல் மைக்கில், இவள் அம்மா எங்கே என்று கேட்டேன். அதைத்தான் நீங்கள் கத்தினேன் என்கிறீர்கள். கத்தியும் இருப்பேன். அம்மாக்காரி ஓடி வந்து, கூட்டத்துக்கு முன்னால் அவமானப்பட்டுப் போய், என் பிடியிலிருந்து மகளின் கையை இழுத்தாள்.

"அவளுக்கு ஒரு சூக்கேடும் இல்ல ஆன்ட்டி. சின்னதுலயே அவ அடக்கம்."

அம்மாக்காரிக்கு இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. எனக்கு முழங்கால் போய்விட்டது, அவர்கள் இருக்கும் மூன்றாவது மாடிக்கு என்னால் ஏற முடியாது. உங்களில் இரண்டு பேருக்கு அதே கட்டிடத்தில் வீடு. நான் நினைப்பது தவறாக இருக்கலாம். இருந்தால் என்னைப் பைத்தியம் என்று குரூப்பில் எழுதிக்கொள்ளுங்கள், சிரிக்கிற முகத்தையும் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நாளைக்கு அந்தப் பிள்ளை படியேறும்போது கூடவே ஏறுங்கள். நடுவில் நின்றால் எதற்கு நின்றாய் என்று கேளுங்கள். ஒண்ணுமில்லை என்பாள். நம்பாதீர்கள். படுத்துத்தானே உறங்குகிறாள் என்று அவள் தங்கையிடம் கேளுங்கள். அவள் ஆமாம் என்றாலும் நம்பாதீர்கள்.